ஆஸ்பத்திரிக்குள் நாம் எந்த வாசல் வழியாகப் போனோம்?

எந்த அரசு மருத்துவமனைக்குப் போனாலும் நம் சனங்களைப் பார்க்கலாம். வார்டைக் கூட்டுவார்கள். ரத்தம் தோய்ந்த துணியை அள்ளுவார்கள். கழிவறையைக் கழுவுவார்கள். பிணவறையில் உதவிக்கு நிற்பார்கள். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, குறைந்த கூலி. ஆகவே ஆஸ்பத்திரி நமக்குப் பழக்கமில்லாத இடம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாம் அதற்குள் எந்த வாசல் வழியாகப் போனோம், மற்ற வாசல்கள் நமக்கு எப்படி மூடப்பட்டன, போராடித் திறந்த பிறகும் நம் பிள்ளைகள் ஏன் அந்தப் பக்கம் அதிகம் வரவில்லை என்பதைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

மாலை நேர வகுப்புகளுக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாங்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்போம். ஆஸ்பத்திரியில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன? டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், கூட்டுற அக்கா, வாட்ச்மேன் என்று ஐந்தாறு பதிலோடு நின்றுவிடும். ரத்தம் எடுப்பவரை, எக்ஸ்ரே எடுப்பவரை, மருந்து கொடுப்பவரை, கண் பரிசோதிப்பவரை அவர்களும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் ஒரு படிப்பு, அந்தப் படிப்புக்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் தானும் போகலாம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

"நம்ம பசங்களுக்கு ஆர்வம் கிடையாது" என்று சில ஆசிரியர்களே சொல்வார்கள். ஆர்வம் வானத்திலிருந்து விழுவதில்லை தோழர்களே. வீட்டில் ஒரு டாக்டரோ, தெருவில் ஒரு லேப் டெக்னீஷியனோ இருந்தால் ஆர்வம் தானாக வரும். வழி தெரிந்திருப்பதும் ஒரு சொத்து. நிலத்தைப் போலவே அதுவும் நம் நாட்டில் சாதிப்படிதான் பங்கு பிரிக்கப்பட்டது. அந்தப் பங்கீட்டின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால், ஒரு கிராமத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மருத்துவப் படிப்புகளைப் பற்றி எடுத்துச் சொல்வது எவ்வளவு பெரிய அரசியல் வேலை என்பது புரியும்.

மருத்துவம் தெரிந்தவர்கள், மருத்துவர் ஆக முடியாதவர்கள்

நமக்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது பொய். அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) சித்த மருத்துவர். 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கி, சாதியின் வரலாற்றையே புரட்டிப் போட்ட அந்த மனிதருக்குப் பிழைப்பும் பேரும் தந்தது வைத்தியம். கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் யார்? மருத்துவர் சாதிப் பெண்கள், பல இடங்களில் சேரிப் பெண்கள். ஊர்த்தெருவில் பிறந்த குழந்தையையும் முதலில் கையில் ஏந்தியவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்தப் பிரசவ ரத்தமே 'தீட்டு' என்று சொல்லி, அதைத் தொட்ட கையையும் தீட்டாக்கியது சாதி. அறிவு அவர்களிடம் இருந்தது, மரியாதை இல்லை.

நவீன மருத்துவம் வந்தபோது கணக்கே மாறியது. சென்னையில் 1835ல் தொடங்கிய மருத்துவப் பள்ளி பின்னால் சென்னை மருத்துவக் கல்லூரி ஆனது. 1875ல் அங்கே பெண்கள் சேர்ந்தார்கள். இனி வைத்தியம் என்பது கைப்பழக்கத்தில் வருவது இல்லை என்றாகிவிட்டது. ஆங்கிலம் வேண்டும், உயர்நிலைப் பள்ளித் தேர்ச்சி வேண்டும், சென்னையில் தங்கிப் படிக்கப் பணம் வேண்டும். இந்த மூன்றும் யாரிடம் இருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையை இந்த இடத்தில் கவனமாகப் படிக்க வேண்டும். 1886ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் தேவதாசி மரபில் வந்தவர். அதனால் சமூகம் அவருக்குக் கொடுத்த அவமானம் கொஞ்சமல்ல. புதுக்கோட்டைக் கல்லூரியில் ஆண்களோடு படிக்க அவர் கேட்டபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் அனுமதித்ததால்தான் சேர முடிந்தது. 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912ல் பட்டம் பெற்றார். மகத்தான சாதனை. அதோடு இன்னொன்றையும் பாருங்கள். அவருடைய தந்தை ஒரு கல்லூரியின் முதல்வர். எந்தத் தேர்வு எழுத வேண்டும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தார். அதே காலத்தில் அதே திறமையோடு ஒரு சேரியில் பிறந்த பெண்ணுக்குத் தடையைத் தாண்டுவது இரண்டாவது பிரச்சினை. எங்கே போக வேண்டும் என்று தெரிவதே முதல் பிரச்சினை.

உயர்நிலைப் பள்ளி என்ற சுவர்

நம் கல்வி வரலாற்றைத் தொடக்கப் பள்ளியோடு நிறுத்திவிடுவது வழக்கம். சென்னையில் 1894ல் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளி, மிஷன் பள்ளிகள், 1920களில் தொழிலாளர் ஆணையரின் துறை ஒடுக்கப்பட்டோருக்காக நடத்திய பள்ளிகள் என்று பெருமையாகச் சொல்வோம். பெருமைதான். அந்தத் துறை நடத்திய பள்ளிகளின் வாரிசுதான் இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எழுதப் படிக்கக் கற்றுக் கொடுக்கும் தொடக்கப் பள்ளிகள். மருத்துவக் கல்லூரிக்குப் போகும் பாதையோ உயர்நிலைப் பள்ளியில் தொடங்குகிறது.

சுவாமி சகஜானந்தர் இதைப் புரிந்துகொண்டிருந்தார் என்று நாங்கள் நினைக்கிறோம். 1916ல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். நந்தனைக் கோயிலுக்குள் விடாத ஊரில் நந்தன் பேரிலேயே பள்ளி. அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது, விடுதியும் அமைந்தது. அந்தப் பகுதியில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் அந்த வளாகத்தின் வழியாக வந்தவர்கள். ஒரு சமூகம் எந்தப் படியில் தடுக்கி விழுகிறதோ அந்தப் படியில் கை கொடுத்தால்தான் மேலே ஏற முடியும். அன்று அந்தப் படி உயர்நிலைப் பள்ளி. இன்றும் அதுதான்.

மருத்துவத் துறைக்குள் நம் பெண்களுக்கு முதலில் திறந்த இன்னொரு வாசல் செவிலியர் படிப்பு. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900ல் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சை தொடங்கினார். 1909ல் செவிலியர் பள்ளி, 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அது வளர்ந்தது. தெற்கில் பல ஊர்களில் மிஷன் ஆஸ்பத்திரிகள் பெண்களுக்கு நர்சிங் கற்றுக் கொடுத்தன. மலமும் சீழும் ரத்தமும் தொடும் வேலை என்று ஆதிக்க சாதிக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அந்தப் பக்கம் அனுப்பவில்லை. கிறித்துவம் தழுவிய குடும்பங்களின் பெண்கள் போனார்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து மதம் மாறியவர்களும் இருந்தார்கள். சாதி எதைத் தீட்டு என்று ஒதுக்கியதோ அதையே படிப்பாகவும் சம்பளமாகவும் மாற்றிக்கொண்டார்கள் அந்தப் பெண்கள். நம் வரலாற்றில் இந்தப் பாட்டிமார்களுக்கு இன்னும் சரியான இடம் கொடுக்கப்படவில்லை.

இந்தச் சாதி வெறுப்பின் விலை என்ன என்பதை 1946ல் வந்த போர் குழு அறிக்கை காட்டியது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் ஏறக்குறைய 6,300 பேருக்கு ஒரு டாக்டர். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். டாக்டரைவிட நர்ஸ் குறைவு! தொட்டுச் செய்யும் வேலையை இழிவாக்கிய சமூகம், தொட்டுப் பார்க்க ஆளில்லாமல் செத்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1926ல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகளுக்கான பதிவுச் சட்டம் வந்தது. பயிற்சி பெற்றவருக்குப் பதிவேடும் அங்கீகாரமும் கிடைத்தது நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடம் போகாத கிராமத்து மருத்துவச்சி அந்தப் பதிவேட்டுக்கு வெளியே நின்றாள். அவள் பேத்திக்காவது பள்ளிக்கூடம் கிடைத்து, அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறியதா? பல குடும்பங்களில் ஏறவில்லை. கைத்தொழில் போனது, படிப்பு வரவில்லை, கடைசியில் கிடைத்தது துடைப்பம்.

330 இடங்களும் ஒரு அரசியல் சட்டத் திருத்தமும்

வாசல்களைச் சட்டத்தால் திறந்தது வகுப்புவாரி உரிமைப் போராட்டம். 1921ல் நீதிக்கட்சி ஆட்சியில் முதல் ஆணை. 1927 ஆணைப்படி அரசு வேலையில் 12 இடத்துக்கு ஒன்று ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு. 1947ல் அது மாற்றப்பட்டு 14க்கு இரண்டு ஆனது. மருத்துவ, பொறியியல் கல்லூரிச் சேர்க்கையும் இந்தக் கணக்கில் நடந்தது.

இதை எதிர்த்துதான் 1950ல் செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். பார்ப்பனப் பெண், தனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் போவதற்கு இந்த ஆணைதான் காரணம் என்றார். உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல் 9 அன்று வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு கொந்தளித்தது. பெரியார் தலைமையில் கிளர்ச்சி நடந்தது. அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்தபோது, அதே ஆண்டு ஜூன் மாதம், அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. இன்று நாம் அனுபவிக்கும் கல்வி இட ஒதுக்கீட்டுக்கு அடித்தளம் அதுதான். இந்த நாட்டில் அரசியல் சட்டத்தையே திருத்த வைத்த சண்டை மருத்துவக் கல்லூரி வாசலில் நடந்த சண்டை என்பதை மறக்கக் கூடாது.

அந்தத் தீர்ப்பிலேயே பதிவான இரண்டு விவரங்களைச் சொல்கிறோம். அன்றைய சென்னை மாநிலம் முழுவதற்கும் அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கு, மொத்த இடங்கள் 330. நான்கில் இரண்டு ஆந்திரப் பகுதியில், இரண்டு சென்னையில். மதுரைக்கு மருத்துவக் கல்லூரி வந்ததே 1954ல்தான். இரண்டாவது விவரம்: செண்பகம் கல்லூரியில் சேர விண்ணப்பமே போடவில்லை! விசாரித்துப் பார்த்து, இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு, நேராக நீதிமன்றத்துக்குப் போனார். வழி தெரிந்தவருக்கு விண்ணப்பம்கூடத் தேவைப்படவில்லை. அதே ஆண்டில் தஞ்சாவூர் வயலில் நாற்று நட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு, தனக்காக 14க்கு இரண்டு இடம் இருக்கிறது என்று சொன்னவர் யார்?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். பட்டியல் சாதி மாணவருக்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகை 1944லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதே அரசு இன்னொரு கையால் பறித்ததும் உண்டு. 1950ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்து மதத்தில் இருப்பவரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. பின்னாளில் சீக்கியரும் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரானவர்கள் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாகி, தன் மகளை டாக்டராக்கக் கனவு கண்ட தலித் கிறித்தவத் தாய்க்குச் சுதந்திர நாடு கொடுத்த பரிசு இது.

பதினைந்து வயதில் வரும் கேள்வி

1978ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. புகுமுக வகுப்புக்குக் கல்லூரி தேடி நகரத்துக்குப் போக வேண்டியதில்லை, பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியிலேயே படிக்கலாம் என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய லாபம். கூடவே ஒரு பொறியும் வந்தது. அதுதான் 'குரூப்'.

பத்தாம் வகுப்பு முடிந்து பதினோராம் வகுப்பில் சேரும் அந்த ஒரே நாளில், பதினைந்து வயதுப் பிள்ளையின் பாதி வாழ்க்கை முடிவாகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இல்லாத குரூப்பில் சேர்ந்தால் எம்.பி.பி.எஸ். இல்லை, பல் மருத்துவம் இல்லை, பி.எஸ்சி. நர்சிங்கும் இல்லை. பிறகு எவ்வளவு ஆசை வந்தாலும் திரும்பிப் போவது கடினம். அந்த நாளில் நம் பிள்ளையோடு நிற்பது யார்? கூலி வேலையை விட்டுவிட்டு வந்த அம்மா. "இந்த மார்க்குக்கு சயின்ஸ் வேணாம்மா, கஷ்டம், வேற குரூப்ல போடுறேன்" என்று பள்ளியில் சொன்னால், "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வருவார். பல கிராமத்துப் பள்ளிகளில் அறிவியல் குரூப்புக்கு ஆசிரியரும் ஆய்வகமும் சரியாக இருப்பதில்லை என்பது தனிக் கதை.

இதற்கு மேல் தேர்வுச் சுவர். 1984ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வந்தது. நகரங்களில் பயிற்சி மையங்கள் முளைத்தன. கிராமப்புற மாணவர்களுக்கென்று தனி ஒதுக்கீடு கொடுக்க மாநில அரசு முயன்றபோது அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2006ல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை ஒழித்தார்கள். பத்தாண்டுகள் மூச்சு விட்டோம். 2017ல் நீட் வந்தது.

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கூலித் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176. பழைய முறை இருந்திருந்தால் டாக்டர். உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அனிதா வழி தெரியாதவர் இல்லை. சரியான குரூப், சரியான மதிப்பெண், சரியான கனவு. அவர் நடந்து முடித்த பிறகு பாதையை மாற்றிவிட்டார்கள். ஆகவே 'வழிகாட்டினால் போதும், எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்பவர்களோடும் நமக்கு உடன்பாடு கிடையாது. தகவல் இல்லாமல் உரிமை பயன்படாது. உரிமை இல்லாமல் தகவலும் பயன்படாது.

அந்தக் கோபத்தின் விளைவாகத்தான் 2020ல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. நீட் வந்த பின் அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்கள் ஒற்றை இலக்கமாகச் சுருங்கியிருந்த நிலையில், முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 ஜனவரியில் அரியலூர், கள்ளக்குறிச்சி, ராமநாதபுரம், நாகப்பட்டினம், விருதுநகர் உட்பட 11 மாவட்டங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 1950ல் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. இன்று பல மாவட்டங்களில் பேருந்தில் போகிற தூரத்தில் கல்லூரி இருக்கிறது. சட்டம் திறந்த கதவு இவ்வளவு பக்கத்தில் எப்போதும் இருந்ததில்லை.

ஏணியின் கீழ்ப்படி மட்டும் நமக்கா?

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ஏழை மாணவர்களுக்கு மருத்துவத் துறை வேலைவாய்ப்பு' என்று தொண்டு நிறுவனங்களும் அரசும் பேசும்போது, என்ன வேலையைக் காட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூன்று மாதப் பயிற்சி, நோயாளி உதவியாளர், வீட்டுப் பராமரிப்பாளர் என்பதோடு முடித்துவிட்டால், பழைய வாசலுக்குப் புது பெயிண்ட் அடித்தது போலத்தான்.

நம்மைப் போலவே ஒடுக்கப்பட்ட அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து தலித் சிறுத்தைகள் பெயரும் உணர்வும் பெற்றது நமக்குத் தெரியும். மருத்துவக் கல்வியிலும் அவர்கள் கதை நம் கதைக்குப் பக்கத்தில் வருகிறது. 1910ல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளைத் தரம் பார்த்து ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் ஓர் அறிக்கை கொடுத்தார். அன்று கறுப்பினத்தவருக்கு இருந்த ஏழு மருத்துவப் பள்ளிகளில் ஹோவர்டு, மெஹாரி இரண்டை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றார். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற ஐந்தும் மூடப்பட்டன. கறுப்பின மருத்துவர் தம் மக்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கட்டும், அறுவை சிகிச்சையைவிட சுகாதாரப் பணியைக் கற்றுக்கொள்ளட்டும் என்பதும் அந்த அறிக்கையின் எண்ணம். 'உங்களுக்கு இது போதும்' என்ற குரல் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அவர்கள் என்ன செய்தார்கள்? 1970களில் ஒரு வேலை தொடங்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மாணவர்களுக்காக உருவான சேவியர் பல்கலைக்கழகம், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் அழைத்து அறிவியலும் கணிதமும் சொல்லிக் கொடுத்தது. கல்லூரிக்கு வந்த பிறகு திருத்துவது தாமதம், பள்ளியிலேயே பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சிறிய பல்கலைக்கழகம்தான். ஆனால் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அதிகமான கறுப்பின மாணவர்களை அனுப்பும் இடங்களில் அது பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது.

செய்ய வேண்டியது

பெரிய நிதி தேவையில்லை. ஆறு பேர் கொண்ட ஒரு மாணவர் குழு, ஒரு ஒன்றியத்தில் செய்யக்கூடிய வேலைகள் இவை.

முதலாவது, காலம். பிளஸ் டூ மாணவரிடம் போவது தாமதம். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் தொடங்குங்கள். 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கே. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. கடன் வாங்கிப் பிள்ளையைப் பதினோராம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோருக்கு, மாற்றிய அன்றே அந்த உரிமை போய்விடும் என்று தெரியாது. இதை ஊர்க்கூட்டத்தில் சொல்லுங்கள்.

இரண்டாவது, குரூப். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரம் பள்ளியில் பெற்றோரோடு நில்லுங்கள். பிளஸ் ஒன் சேர்க்கையிலும் இட ஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறையே சுற்றறிக்கை அனுப்புகிறது. அறிவியல் குரூப்பில் நம் பிள்ளைகளுக்குரிய இடம் கொடுக்கப்பட்டதா என்று தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்பது நம் உரிமை.

மூன்றாவது, முழு ஏணியையும் காட்டுங்கள். எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், சித்தா, கால்நடை மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம், பிசியோதெரபி, கண் பரிசோதனை, கதிரியக்கம், மயக்கவியல், டயாலிசிஸ், ஆய்வகம். 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இப்படிப்பட்ட தொழில்களைப் பத்துப் பிரிவாகப் பட்டியலிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்கும் துணை மருத்துவப் பட்டப் படிப்புகளும் பிளஸ் டூ மதிப்பெண் கலந்தாய்வில் கிடைத்து வந்திருக்கின்றன. எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று எந்தப் பிள்ளையும் நினைக்கக் கூடாது. எம்.பி.பி.எஸ். உனக்கு எதற்கு என்று எந்தப் பிள்ளையிடமும் யாரும் சொல்லவும் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிய வேண்டும்.

நான்காவது, ஆளைக் காட்டுங்கள். நூறு துண்டறிக்கையைவிட, பக்கத்துச் சேரியிலிருந்து போன ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, ஒரு லேப் டெக்னீஷியன் அண்ணன், ஒரு ஹவுஸ் சர்ஜன் வந்து அரை மணி நேரம் பேசுவது வேலை செய்யும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுமதி வாங்கிப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கிராம சுகாதாரச் செவிலியரோடு ஒரு நாள் நடக்கட்டும்.

ஐந்தாவது, ஏமாற்றைத் தடுங்கள். ஒவ்வொரு ஊர் பேருந்து நிலையத்திலும் 'நர்சிங் பயிற்சி, உடனடி வேலை' என்று போர்டு தொங்குகிறது. நகையை அடகு வைத்துச் சேர்ந்த பிறகுதான் அந்தச் சான்றிதழ் பதிவுக்கு ஆகாது என்று தெரியும். நர்சிங் என்றால் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தின் அங்கீகாரம் உண்டா, பட்டப் படிப்பு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு உண்டா என்று கேட்காமல் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆறாவது, காகிதம். பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு, பழங்குடிக்கு 1 சதவீதம். இதெல்லாம் சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால்தான். இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் அந்த ஒரு காகிதத்துக்காக எத்தனை ஆண்டு அலைகிறார்கள் என்று நமக்குத் தெரியும். கலந்தாய்வு வாரத்தில் அலைந்து பயனில்லை. எட்டாம் வகுப்பிலேயே விண்ணப்பித்து, தாசில்தார் அலுவலகத்தில் பின்தொடருங்கள். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எல்லாம் அப்படித்தான்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் உங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். உங்களுக்கும் எங்கோ ஒரு டீச்சர், ஒரு விடுதி அண்ணன், ஒரு இயக்கத் தோழர் வழி சொல்லியிருப்பார். நீட்டுக்கு எதிரான போராட்டத்தை ஒரு நாளும் கைவிடக் கூடாது. அதற்காகத் தெருவில் நிற்கும் அதே கால்களோடு, வரும் மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வரும்போது உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் போங்கள். கூலிக்குப் போகாமல் பிள்ளையோடு வந்து வரிசையில் நிற்கும் அம்மாவின் பக்கத்தில் நில்லுங்கள். "அக்கா, பாப்பாவுக்கு என்ன படிக்க ஆசை?" என்று கேளுங்கள்.

ஜெய் பீம்.